ஃப்ரீசரில் எது தாங்கும், எது தாங்காது? தேங்காய், மாவு, சாம்பார், மொச்சை, மீன்

சிறுவாணிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது 260 லிட்டர் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், அதில் ஃப்ரீசர் சுமார் 60 லிட்டர். இருவரும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் வாரத்துக்கான சமையல் வேலையை முடிந்த வரை முடித்து ஃப்ரீசரில் வைக்கப் பார்க்கிறேன். பாதி நன்றாக வருகிறது, பாதி கெட்டுப்போகிறது. காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்வேன்.

தேங்காய்த் துருவல் ஒரே கட்டியாக இறுகிவிடுகிறது. கத்தியால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, அரைத்தால் சட்னியில் வெண்ணெய் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது. சாம்பாரில் போட்ட உருளைக்கிழங்கு பஞ்சு மாதிரி ஆகிறது, கடித்தால் தண்ணீர் பீச்சுகிறது. புளித்த இட்லி மாவை வைத்து எடுத்தால் இட்லி தட்டையாக, கல் மாதிரி வருகிறது. பச்சைப் பட்டாணியை உரித்து அப்படியே வைத்தால் ஒரு மாதத்தில் வைக்கோல் வாடை. மீன் இரண்டே வாரத்தில் ஓரம் வெளுத்து நாராகிறது.

எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது, எப்படிக் கட்டி வைப்பது என்று அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


உப்புக்கல் எழுதியது:

நீங்கள் சொன்ன ஐந்தில் மூன்றுக்குக் காரணம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் தண்ணீர். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாக வளர்ந்து காயின் அறைச் சுவர்களைக் கிழிக்கும். வெளியே எடுத்ததும் கிழிந்த சுவர் வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும், மிஞ்சுவது சக்கை. சீக்கிரம் உறைந்தால் துகள் சிறிதாக இருக்கும், சேதமும் குறையும். அதனால் வீட்டில் நம் கையில் இருப்பது இரண்டு: மெல்லியதாகப் பரப்பி வைப்பது, ஒரே நாளில் அதிகம் திணிக்காமல் இருப்பது. 28 லிட்டர் ஃப்ரீசர் இடத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ புதிய சரக்கு போதும். உங்கள் 60 லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிலோ. ஞாயிறு அன்று ஆறு கிலோ வைத்தால் எல்லாமே நள்ளிரவு வரை பாதி உறைந்தும் உறையாமலும் கிடக்கும், ஏற்கெனவே உறைந்திருந்த பொருளும் இளகும். வேலையைச் சனி, ஞாயிறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பலவற்றில் மைனஸ் 6 அல்லது மைனஸ் 12ஐ விடக் குளிராகாது, அதில் மாதக்கணக்கில் எதையும் வைக்க வேண்டாம். உங்களுடையது இரட்டைக் கதவு என்பதால் பிரச்சினை இருக்காது.

அடுத்தது முக்கியம். சமைத்து முடித்த குழம்பை வைப்பதை விட, பாதி வேலை முடிந்த பொருளை வைப்பது எப்போதும் மேல். நேரம் தின்பது குழம்பு கொதிக்கும் பத்து நிமிடம் இல்லை. தேங்காய் உடைத்துத் துருவுவது, பருப்பு வேக வைப்பது, கொண்டைக்கடலை ஊற வைப்பது, மொச்சை உரிப்பது, வெங்காயம் உரிப்பது, இவைதான். இவை எல்லாமே ஃப்ரீசரில் அருமையாகத் தாங்கும்.

தேங்காய்: துருவியதும் ஜிப்லாக் கவரில் போட்டு ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் கையால் தட்டிப் பரப்புங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, கவருக்கு வெளியிலிருந்து கத்தியின் முதுகால் சதுரம் சதுரமாகக் கோடு போடுங்கள். தட்டின் மேல் படுக்க வைத்து உறைய விடுங்கள். வேண்டும்போது ஒரு சதுரத்தை அப்பளம் மாதிரி ஒடித்து எடுத்துக்கொள்ளலாம், கத்தி தேவைப்படாது. பொரியலுக்கு அப்படியே தூவலாம். சட்னியில் திட்டு விழுவதற்குக் காரணம் குளிர்ச்சி. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குளிர்ந்த துருவலை மிக்ஸியில் அடித்தால் அந்தக் கொழுப்பு வெண்ணெய் மாதிரி திரளும். துருவலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, அதே தண்ணீரை விட்டு அரையுங்கள். துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோலை விட்டுவிட்டால் நிறம் நன்றாக இருக்கும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் சிக்கு வாடை தட்டும். தேங்காய்ப் பால் எடுத்து வைத்தால் பிரிந்துதான் வரும். குருமாவில் கலந்து கொதிக்க விட்டால் தெரியாது, ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ள ஆகாது. அரைத்த சட்னி இளகும்போது தண்ணீர் விடும், துருவலாகவே வைப்பது நல்லது.

துவரம்பருப்பு: மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேக வைத்து, மசித்து, ஆறியதும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும். கால் டம்ளர் தண்ணீரோடு கடாயில் போட்டு மூடினால் ஐந்து நிமிடத்தில் இளகிவிடும், புளிக்கரைசலும் பொடியும் சேர்த்தால் சாம்பார்.

கொண்டைக்கடலை, ராஜ்மா, காராமணி: ஊற வைத்து, பதமாக வேக வைத்து, வேக வைத்த தண்ணீர் கொஞ்சம் மூழ்கும்படி வைத்து உறைய விடுங்கள். தண்ணீர் இல்லாமல் வைத்தால் மேல் தோல் காய்ந்து வெடிக்கும்.

உருளைக்கிழங்கு: துண்டாக வெந்தது தாங்கவே தாங்காது. ஸ்டார்ச்சிலிருந்து தண்ணீர் பிரிந்து, சொன்ன மாதிரி பஞ்சாகும். பச்சையாக வைத்தால் கறுக்கும். நன்றாக மசித்து எண்ணெயோ வெண்ணெயோ சேர்ந்தது மட்டும் தாங்கும். போண்டா உருண்டை, கட்லெட், சமோசா பூரணம் எல்லாம் வைக்கலாம். பாதி பொரித்த நீள வறுவலும் சரி.


மாவுக்கல் எழுதியது:

மாவு பற்றி நான் சொல்கிறேன். புளித்த இட்லி மாவு பொங்கி நிற்பதே உளுந்தின் பசை பிடித்து வைத்திருக்கும் காற்றால்தான். ஃப்ரீசரில் பனித்துகள் அந்தக் குமிழிகளைக் குத்தி உடைத்துவிடும். இளகிய மாவைப் பாருங்க, மேலே தண்ணீர் தனியாக நிற்கும், கரண்டியால் எடுத்தால் சரசரவென்று ஓடும். அதில் இட்லி ஊற்றினால் தட்டையாகத்தான் வரும். கீழே ஃப்ரிட்ஜிலேயே வைத்தால் மூணு நாலு நாள் இட்லிக்குத் தாராளமாக ஆகும், அதற்கு மேல் போனால் புளிப்பு ஏறும். இட்லிக்கான மாவை ஃப்ரீசருக்கு அனுப்பாதீங்க. ஃப்ரீசரில் இருந்து வந்த மாவை வீணாக்க வேண்டாம், தோசைக்கு நல்லாவே வரும். ஒரு ஸ்பூன் அரிசி மாவு கலந்தால் முறுகலாக வரும்.

மாவை வைப்பதற்குப் பதிலாக இட்லியையே வையுங்க. அவித்து எடுத்த இட்லியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆற விட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கல்லு மாதிரி ஆனதும் கவரில் போட்டுக் காற்றை எடுத்து மூடுங்க. ஒரு மாதம் நன்றாக இருக்கும். எடுத்ததும் இளக வைக்கக் கூடாது, அதுதான் பலர் செய்யும் தப்பு. வெளியே வைத்து இளக விட்டால் அடியில் ஈரம் கோர்த்துப் பிசுபிசுக்கும். கொப்பரையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு உறைந்த இட்லியை நேராகத் தட்டில் வைத்து 8 முதல் 10 நிமிடம் அவியுங்க. குச்சி விட்டுப் பார்த்து நடுவில் சூடு ஏறியிருந்தால் இறக்கலாம். மைக்ரோவேவ் என்றால் இட்லி மேல் தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சூடு பண்ணுங்க.

இடியாப்பம், புட்டு இரண்டும் இதே முறையில் இன்னும் நன்றாகத் தாங்கும். அடை மாவு நுரையை நம்பியது இல்லை, அதனால் தாராளமாக வைக்கலாம்.

சோறு, சப்பாத்தி பற்றி ஒரு விஷயம். இவை விறைத்துப்போவது ஃப்ரிட்ஜின் கீழ்ப் பகுதியில்தான் வேகமாக நடக்கும். ஸ்டார்ச் திரும்ப இறுகுவதற்கு அந்த 4, 5 டிகிரி ரொம்ப தோது. ஃப்ரீசரில் அது கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆக, நாளைக்கு வேண்டிய சப்பாத்தியைக் கூடக் கீழே வைப்பதை விட மேலே வைப்பது நல்லது. சப்பாத்தியை இரண்டு பக்கமும் வெளுப்பாக, புள்ளி விழும் முன் எடுத்து, ஆற வைத்து, நடு நடுவே பட்டர் பேப்பர் போட்டு அடுக்குங்க. உறைந்தபடியே கல்லில் போட்டு எண்ணெய் விட்டால் புதிதாகச் சுட்ட மாதிரி உப்பும்.

சோற்றில் கவனம் வேண்டும். வேக வைத்தாலும் சாகாத ஒரு பாக்டீரியா வித்து அரிசியில் உண்டு. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும், பிறகு சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும், நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கட்டி உள்ளே வைத்துவிட வேண்டும். மத்தியானம் வடித்து ராத்திரி மிஞ்சிய சோற்றை ஃப்ரீசரில் வைத்துப் பத்திரப்படுத்தியதாக நினைக்க வேண்டாம். ஃப்ரீசர் எதையும் சுத்தம் செய்யாது, இருக்கிற நிலையில் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான்.


வெண்கலப்பானை எழுதியது:

உப்புக்கல் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாம்பார் வைக்கவே கூடாது என்பது போலத் தொனிக்கிறது. காயைப் பொறுத்தது அது. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், மாங்காய் போட்ட சாம்பார் ஒரு மாதம் கெடாமல், சுவையும் பெரிதாகக் குறையாமல் இருக்கும். முருங்கையின் நார் அதைக் காப்பாற்றும், வெங்காயம் எப்படியும் குழைய வேண்டியதுதான். உருளை, முள்ளங்கி, வெண்பூசணி, சௌசௌ, கத்தரிக்காய் போட்டதைத்தான் வைக்கக் கூடாது. வைக்கும் சாம்பாரில் மூன்று காரியம் செய்யுங்கள். காயை முக்கால் வேக்காட்டில் நிறுத்துங்கள், சூடு பண்ணும்போது மீதி வெந்துவிடும். வழக்கத்தை விடக் கெட்டியாக வையுங்கள். தாளிப்பு, பெருங்காயம், கொத்தமல்லி இவற்றைப் பரிமாறும் அன்று புதிதாகப் போடுங்கள். பழைய வாடை வருகிறது என்று பலர் சொல்வது தாளிப்பு மணம் செத்துப்போவதைத்தான்.

காரக்குழம்பு, வத்தக்குழம்பு, பூண்டுக்குழம்பு ஃப்ரீசருக்கு ஏற்றவை, எண்ணெயும் புளியும் இருப்பதால் பதம் மாறாது. கறிக்குழம்பு, கோழிக்குழம்பு அருமையாகத் தாங்கும். கிராம்பு, மிளகு, பூண்டு உறைந்து எடுத்த பிறகு தூக்கலாகவும் லேசாகக் கசப்பாகவும் தெரியும். வைக்கப்போகும் குருமாவில் கிராம்பைப் பாதியாகக் குறையுங்கள். உப்பு மாறாகச் சற்று மந்தமாகத் தெரியும், அதைக் கடைசியில் சரி பார்த்துக்கொள்ளலாம்.

சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கிய கிரேவி, சூப் பிரிந்து தண்ணீரும் கட்டியுமாக நிற்கும். முந்திரியோ பொட்டுக்கடலையோ அரைத்து விட்டது பிரியாது. மோர்க்குழம்பு, தயிர்ப் பச்சடி, தயிர்சாதம் கூடவே கூடாது. தயிர் உறைந்து இளகினால் திரிந்த பால் மாதிரி மணல் மணலாகும். உறைக்கு ஊற்ற மட்டும் இரண்டு ஸ்பூன் தயிரை ஐஸ் டிரேயில் வைக்கலாம், கிருமி உயிரோடு இருக்கும், வெதுவெதுப்பான பாலில் போட்டால் தோய்ந்துவிடும். ஊருக்குப் போகும் நாட்களில் உறை தேடி அலைய வேண்டாம்.

அவித்த முட்டை போட்ட குழம்பு வேண்டாம், வெள்ளைக்கரு ரப்பராகும். ஓட்டோடு முட்டையை வைத்தால் வெடிக்கும். வடை, பஜ்ஜி, அப்பளம் நமத்துப்போகும். ரசம் வைப்பதில் அர்த்தம் இல்லை, அதன் உயிரே மணம்தான்.


சிறுவாணிக்கரை:

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. தேங்காய் இன்றே செய்துவிடுகிறேன். இன்னும் மூன்று கேள்வி. காயை வெந்நீரில் போட்டு எடுக்கச் சொல்கிறார்கள், எதற்கு எத்தனை நிமிடம்? மீனுக்கு மசாலா தடவி வைக்கலாமா? இங்கே மின்தடை வரும், அப்போது உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட வேண்டுமா?


மார்கழிமொச்சை எழுதியது:

காய்க்கு நான் பதில் சொல்கிறேன் சகோதரி. உங்கள் பட்டாணியில் வந்த வைக்கோல் வாடை என்சைமின் வேலை. காய் பழுப்பதற்கும் முற்றுவதற்கும் உள்ளே இருக்கும் அந்தச் சத்து, மைனஸ் 18 டிகிரியிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கியே ஆக வேண்டும்.

அரைக் கிலோ காய்க்கு நாலு, நாலரை லிட்டர் தண்ணீர். குறைந்த தண்ணீரில் போட்டால் கொதி அடங்கி, காய் வெந்நீரில் ஊறுமே தவிர என்சைம் சாகாது. காயைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதி வர வேண்டும், வந்த நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். பச்சைப் பட்டாணி ஒன்றரை நிமிடம். பீன்ஸ், காலிஃப்ளவர் மூன்று நிமிடம். கேரட் சதுரத் துண்டு இரண்டு நிமிடம். கீரை இரண்டு நிமிடம். மொச்சை, அவரைக்கொட்டை அளவைப் பொறுத்து இரண்டு முதல் மூன்று. முருங்கைக்காய் விரல் நீளத் துண்டு இரண்டு நிமிடம். பிதுக்கிய மொச்சைப் பருப்புக்கு ஒரு கொதி போதும், விட்டால் கரையும். வெண்டைக்காயை நறுக்காமல், காம்பைக் கொட்டை தெரியாத அளவுக்கு மட்டும் சீவி, மூன்று நிமிடம். பொரியலுக்கான வெண்டைக்காய் என்றால் இதை விட நல்ல வழி, நறுக்கி எண்ணெயில் கொழகொழப்பு போகும் வரை வதக்கி ஆற வைத்து உறைய விடுவது.

பட்டாணியைக் கொதிநீரில் போட்டதும் கவனித்துப் பாருங்கள். மங்கலாக, பால் பூத்த மாதிரி இருக்கும் பச்சை, அரை நிமிடத்துக்குள் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் பச்சையாக மாறும். அதைப் பார்த்ததும் எடுத்துவிடக் கூடாது, நேரம் இன்னும் முடியவில்லை. குறைவாக முக்கினால் என்சைம் சாவதற்குப் பதில் இன்னும் சுறுசுறுப்பாகும், முக்காமலே விட்டதை விட மோசமாகப் போகும். நேரம் முடிந்ததும் கரண்டியால் அள்ளி ஐஸ் தண்ணீரில் போடுங்கள், கொதிநீரில் இருந்த அதே அளவு நேரம். கையில் எடுத்தால் சில்லென்று இருக்க வேண்டும். பிறகு வடிகட்டி, பருத்தித் துண்டில் பரப்பி, ஈரம் முழுக்க ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் பட்டாணி பாறை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஒன்றரை மணி நேரம், அதன் பிறகே கவர். கவரை ஆட்டினால் கூழாங்கல் மாதிரி கலகலவென்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் வேண்டிய கைப்பிடியை மட்டும் எடுக்க முடியும்.

பட்டாணியும் மொச்சையும் மார்கழி, தையில் மலிவாகவும் இளசாகவும் கிடைக்கும்போது செய்து வைத்தால் ஆடி வரை தாங்கும். முற்றிய பட்டாணியை வைத்துப் பயன் இல்லை, மாவாகத்தான் இருக்கும்.

முக்கவே தேவையில்லாதவை: பச்சை மிளகாய் (காம்பைக் கிள்ளி, ஈரம் துடைத்து), இஞ்சி (தோலோடு வைத்து, உறைந்தபடியே துருவலாம், நார் தெரியாது), உரித்த சின்ன வெங்காயம், தக்காளி, மாங்காய்த் துண்டு. தக்காளியை முழுசாகவே வையுங்கள், எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தோல் கையோடு உரிந்து வரும். குழம்புக்கு மட்டும்தான், பச்சையாக நறுக்க ஆகாது. இஞ்சி பூண்டு விழுதை ஐஸ் டிரேயில் வைத்துக் கட்டிகளைக் கவரில் மாற்றிவிடுங்கள், அதற்கென்று தனி டிரே வேண்டும், வாடை போகாது. பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே நாள்கணக்கில் வைப்பது ஆபத்து, விழுதை உறைய வைப்பதே பத்திரம். கறிவேப்பிலை கறுக்கும், தாளிப்புக்கு மணம் இருக்கும். கொத்தமல்லி, புதினா துவண்டுவிடும், அரைத்து வையுங்கள்.

வெள்ளரி, முள்ளங்கி, வெண்பூசணி, புடலை, சுரை, கோஸ் சாலட், தர்பூசணி இவற்றை மறந்துவிடுங்கள். கத்தரிக்காய் பச்சையாக ஆகாது, சுட்டு மசித்தால் தாங்கும், கொத்சுக்கு நேராக எடுத்துப் போடலாம். பலாச்சுளை, மாம்பழக் கூழ் இரண்டும் வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.


கடலோரம் எழுதியது:

மீன் ஓரம் வெளுத்து நாராவது குளிரில் காய்வதால்தான். உறைந்த ஈரம் நீராவியாக நேராகக் காற்றில் போய்விடுகிறது. கடையில் தரும் மெல்லிய கவரில் அப்படியே வைத்தால் இரண்டு வாரத்தில் இப்படித்தான் ஆகும். அந்தக் கவர் காற்றையும் தடுக்காது, வாடையையும் தடுக்காது. ஐஸ் கட்டாத வகை ஃப்ரிட்ஜில் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், அதில் இன்னும் சீக்கிரம் காயும்.

மீனை முதலில் ஒழுங்காகக் கழுவ வேண்டும். செவுளும் குடலும் மட்டும் போனால் போதாது, வயிற்றுக்குள் முள்ளை ஒட்டிக் கறுஞ்சிவப்பாக ஒரு ரத்தக் கோடு இருக்கும், அதைக் கட்டை விரலால் நீள வாக்கில் சுரண்டி எடுங்கள். வாடையின் பெரும்பகுதி அதில்தான். துண்டு போட்டு, துணியால் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி உறைய விடுங்கள். உறைந்த துண்டை ஐஸ் தண்ணீரில் ஒரு முறை முக்கி உடனே எடுத்தால் மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பனி படியும். திரும்ப ஃப்ரீசர், மறுபடி முக்கு. இப்படி மூன்று முறை. அந்தப் பனிதான் மீனுக்குச் சட்டை, காய்ந்தால் பனி காயும், மீன் காயாது. அதற்கு மேல் கெட்டியான கவர். இறாலுக்கு இன்னும் சுலபம்: தலையையும் முதுகு நரம்பையும் எடுத்து, டப்பாவில் போட்டு, மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு உறைய விடுங்கள். கணவாய் உறைந்து எடுத்தால் பச்சையை விட மிருதுவாகவே இருக்கும். நண்டை அவித்து வையுங்கள், பச்சையாக வைத்தால் சதை ஓட்டில் ஒட்டிக்கொண்டு நீர்த்துப்போகும்.

மசாலா தடவி வைப்பது பற்றி: மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களுக்கு வேண்டாம். உப்பு பட்டால் மீன் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், உறைந்த நிலையிலும். மசாலாவைத் தனியாக அரைத்து உறைய வைத்துக்கொள்ளுங்கள், பொரிக்கும் அன்று தடவலாம். வஞ்சிரம், கொடுவா என்றால் ஒன்றிரண்டு வாரத்துக்குத் தடவி வைத்தால் பாதகமில்லை, எலுமிச்சை மட்டும் சேர்க்காதீர்கள், சதை வெந்த மாதிரி வெளுத்துக் கூழாகும். கோழிக்கும் அதுவே, தயிர் எலுமிச்சையில் நாள்கணக்கில் கிடந்தால் மாவு மாதிரி ஆகிவிடும். எண்ணெய்ச் சத்துள்ள மீன் இரண்டு மூன்று மாதம், கொடுவா, சங்கரா மாதிரி வெள்ளைச் சதை மீன் ஐந்தாறு மாதம்.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அயிலை, மத்தி, சூரை இந்த மூன்றும் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலும் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, படபடப்பு வரும். ஒரு முறை உண்டானால் ஃப்ரீசரும் அதை அழிக்காது, குழம்பில் கொதித்தாலும் போகாது. சந்தைக்கு ஐஸ் போட்ட பெட்டி கொண்டு போங்கள், வாங்கி மற்ற வேலைகளை முடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம் என்று இருக்காதீர்கள். வாங்கும்போது இது ஏற்கெனவே உறைய வைத்து வந்த மீனா என்று கேளுங்கள். அப்படியானால் அன்றே சமைத்துவிடுங்கள், இன்னொரு முறை உறைந்தால் சதை தாங்காது.

எடுக்கும்போது முந்தின ராத்திரி கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அவசரம் என்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். சமையல் மேடையில் காலையில் வைத்துவிட்டு மாலையில் எடுப்பது கூடாது, நடுவில் கட்டியாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெட ஆரம்பித்துவிடும்.


உப்புக்கல் எழுதியது:

வெண்கலப்பானை சொன்ன முருங்கைக்காய் சாம்பார் சரிதான், காயைப் பொறுத்தது என்று நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். தாளிப்பைக் கடைசிக்கு விடுவது நல்ல யோசனை.

மின்தடைக்கு வருகிறேன். கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த தனி ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், ஃப்ரிட்ஜோடு சேர்ந்த சிறிய ஃப்ரீசரில் இது குறையும். இரண்டு மூன்று மணி நேரத் தடைக்கு எதையும் தூக்கிப் போட வேண்டாம், திறந்து பார்க்காமல் இருந்தாலே போதும். ஃப்ரீசர் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களை, கழுத்து வரை நிரப்பாமல், உள்ளே வைத்து நிரப்புங்கள். ஊருக்குப் போய்விட்டு வரும்போது இடையில் எவ்வளவு நேரம் மின்சாரம் போனது என்று தெரியாது. அதற்கு ஒரு வழி: ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. அடியில் கிடந்தால் முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், மீன், கறி, சமைத்த உணவு எதையும் சாப்பிடாதீர்கள். மணமும் நிறமும் சரியாகத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். நடுவில் பனித்துகள் இன்னும் இருந்தாலோ, தொட்டால் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி இருந்தாலோ திரும்ப உறைய வைக்கலாம், பதம் மட்டும் குறையும். பச்சையாக உறைந்ததை ஃப்ரிட்ஜில் இளக்கிச் சமைத்த பிறகு அந்தக் குழம்பைத் திரும்ப உறைய வைப்பதிலும் தவறில்லை.

பாத்திரம் பற்றி யாரும் சொல்லவில்லை. எவர்சில்வர் டப்பா நல்லது, குளிர் சீக்கிரம் ஏறும், வாடை ஒட்டாது. ஜாம் வந்த கண்ணாடி பாட்டில் வேண்டாம், கழுத்துக் குறுகியது கட்டாயம் விரிசல் விடும். ஐஸ்கிரீம் டப்பா உலர்ந்த பொருளுக்குப் பரவாயில்லை, குழம்புக்கு மூடி பற்றாது. எந்த டப்பாவிலும் மேலே இரண்டு சென்டிமீட்டர் காலி இடம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க உள்ளே வைக்காதீர்கள், அதற்காக மேடையில் மூன்று மணி நேரம் ஆற விடவும் வேண்டாம். பாத்திரத்தை அண்டாவில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் இறக்கி, கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தால் இருபது நிமிடத்தில் ஆறிவிடும்.

கவரில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயர், தேதி, எத்தனை பேருக்கு என்று மூன்றையும் எழுதுங்கள். உறைந்த பிறகு துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் ஒன்று போலத்தான் தெரியும். டேப்பை உறைவதற்கு முன்பே ஒட்ட வேண்டும், பனி படிந்த கவரில் ஒட்டாது.


சிறுவாணிக்கரை:

எழுதி வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை பருப்பு, கொண்டைக்கடலை, தேங்காய். ஞாயிறு இட்லியும் சப்பாத்தியும். இரண்டு நாளும் இரண்டு கிலோவுக்குள். உருளையை அன்றன்றைக்கே வேக வைத்துக்கொள்கிறேன். பனீர் வைக்கலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.


வெண்கலப்பானை:

வைக்கலாம். கொஞ்சம் உதிரும் தன்மை வரும். துண்டு போட்டு உறைய வைத்து, எடுத்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊற விட்டால் மிருதுவாகிவிடும். கிரேவிக்கு நேராகப் போடலாம். வறுப்பதென்றால் ஈரத்தை நன்றாக ஒற்றிவிடுங்கள், எண்ணெய் தெறிக்கும்.